மழைக்கு நிறுத்தும் டிஷ்: அசோக் நகர் மொட்டைமாடித் தொழிலொன்றின் அனுபவக் குறிப்புகள்

வீட்டு மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனாவைச் செயற்கைக்கோளின் பக்கம் திருப்பி நிறுத்தும் தொழிலில், படம் வந்துவிட்டது என்பதை வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. சித்திரை வெயிலில் ஏறத்தாழ எந்த டிஷ்ஷும் படம் காட்டும். ஒரு பாகை பிசகி நிற்கும் டிஷ்கூட, அந்தப் பிசகைத் திரையில் சிறிதும் வெளிக்காட்டாமல், சரியாக நிற்கும் டிஷ்ஷுக்கு இணையான தெளிவோடு மாதக்கணக்கில் படம் காட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஒரு மாலையில், பக்கத்து வீட்டில் நாடகம் ஓடிக்கொண்டிருக்க இந்த வீட்டில் மட்டும் சிக்னல் இல்லை என்ற எழுத்து வந்து நிற்கும்போதுதான் பிசகு வெளிப்படும். சென்னை ஆண்டுதோறும் பெறும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது என்பதால், அசோக் நகரில் இத்தொழிலை முறையாகக் கற்றவர், கோடையில் மாடியேறினாலும் மழையைக் கணக்கில் வைத்தே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்.

சென்னைவாசிகளுக்கு செட்-டாப் பாக்ஸ் என்ற சொல் டிஷ்ஷுக்கு முன்பே அறிமுகமாகிவிட்டது. கட்டணச் சேனல்களைப் பார்க்கப் பெட்டி கட்டாயம் என்ற ஏற்பாடு 2003 செப்டம்பர் 1 அன்று நாட்டிலேயே முதலில் சென்னையில் நடைமுறைக்கு வந்தபோது, கேபிள்காரரோடு நடந்த வாக்குவாதங்களில் அச்சொல் பழகிப்போயிற்று. அதே ஆண்டில் டிஷ் டிவியும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவையும், 2006 ஆகஸ்டில் இன்று டாடா பிளே எனப்படும் டாடா ஸ்கையும் வந்தன. எனினும், இந்தப் பகுதியின் மாடிகளில் டிஷ்ஷைப் பரவலாக்கியது 2007 டிசம்பரில் குறைந்த விலையில் வந்த சன் டைரக்ட் என்றே சொல்ல வேண்டும். அதுவரை ஆன்டெனா என்றால், தூர்தர்ஷன் நிலையத்தின் பக்கம் பார்த்துக் கட்டிய அலுமினியக் கம்பிக் கூட்டம் என்று நினைத்திருந்த எலக்ட்ரீஷியன்களும் கேபிள் பையன்களுமே இப்புதிய தொழிலுக்கு முதல் ஆட்களாக அமைந்தனர். பழைய ஆன்டெனாவுக்கு ஏறக்குறையத் திருப்பினாலே போதும் என்பதால், அவர்கள் கையோடு கொண்டுவந்த பழக்கங்களில் பாதியை மறக்க வேண்டியிருந்தது.

தொலைக்காட்சிச் சேவைக்கான செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே கதியில் சுற்றுவதால், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பனவாகின்றன. புவிநிலைத் துணைக்கோள்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றின் இடமும் அதற்குக் கீழேயுள்ள தீர்க்கரேகையின் எண்ணால் குறிக்கப்படுகிறது: டாடா பிளே 83 பாகை கிழக்கு, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 93.5, ஏர்டெல் 108.2. அசோக் நகர் நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கிலும், 80.2 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருப்பதால், இவை அனைத்தும் அங்கிருந்து தெற்குக்கும் கிழக்குக்கும் இடையிலேயே தென்படும். வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணும் பக்கவாட்டுக் கோணத்தைத் திசைக்கோணம் என்றும், அடிவானத்திலிருந்து மேல்நோக்கி எண்ணும் கோணத்தை ஏற்றக்கோணம் என்றும் கொண்டால், 83 பாகைக் கோள் 168 பாகைத் திசையில் 74 பாகை ஏற்றத்திலும், 93.5 பாகைக் கோள் 134 பாகைத் திசையில் 68 பாகை ஏற்றத்திலும், 108.2 பாகைக் கோள் 113 பாகைத் திசையில் 54 பாகை ஏற்றத்திலும் நிற்கின்றன. தில்லியிலிருந்து பார்த்தால் 83 பாகைக் கோளின் ஏற்றம் 56 பாகைதான். சென்னைக்காரர் கோளைத் தேடுவது ஏறக்குறையத் தம் உச்சந்தலைக்கு மேலே என்பதே இத்தொழிலின் உள்ளூர் இலக்கணத்தை வகுக்கும் செய்தி.

ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் அப்படித் தெரியாது. வீட்டு டிஷ்ஷின் வளைவு, ஒரு முழுப் பரவளையக் கிண்ணத்தின் நடுவிலிருந்து வெட்டப்படாமல் அதன் ஓரத்திலிருந்து வெட்டப்பட்டது. அதனால் மேலிருந்து வரும் அலை, தட்டின் முகத்துக்குச் செங்குத்தாக வராமல் 22 முதல் 26 பாகை வரை சரிந்து வந்து, கீழே நீட்டிய கையின் முனையிலுள்ள எல்.என்.பி என்ற சிறு கருவியில் குவிகிறது. 68 பாகை உயரத்துக் கோளைப் பார்க்கும் டிஷ், கண்ணுக்கு 44 பாகையைப் பார்ப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். வீட்டுக்காரர்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் மிகுதியானவை இந்தத் தோற்ற மயக்கத்திலிருந்து பிறப்பவை: எதிர்வீட்டுத் தென்னை மறைக்கிறது என்பார்கள், தெருக்கோடியில் எழும்பிய நான்கு மாடிக் குடியிருப்பு மறைக்கிறது என்பார்கள், 100 அடிச் சாலையில் 2015 ஜூனில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் மேம்பாலத்தைக்கூடக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. கணக்கு வேறு. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த ஒரு சுவர், 93.5 பாகைக் கோளை மறைக்க வேண்டுமானால் அது டிஷ்ஷிலிருந்து 4 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 83 பாகைக் கோளுக்கு 3 மீட்டர், தாழ நிற்கும் 108.2 பாகைக் கோளுக்கு 7 மீட்டர். தெருவுக்கு அப்பால் உள்ளது எதுவும் பெரும்பாலும் பொருட்டல்ல. உண்மையில் மறைப்பவை அதே மாடியில் உள்ளவை: சின்டெக்ஸ் தொட்டி, மாடிப்படியின் மேலுள்ள சிறு அறை, பக்கத்து மனையிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி வரும் மாமரக் கிளை, எல்லாவற்றுக்கும் மேலாக, டிஷ் வைத்த பிறகு வெயிலுக்காக மாடியில் போடப்படும் தகரக் கூரை. தகரத்தைத் துளைத்து இந்த அலை வராது என்பதைக் கூரை போட்டு முடித்த வீட்டுக்காரரிடம் விளக்குவது, டிஷ் திருப்புவதைவிடக் கடினமான வேலை.

கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால் இரண்டு கோணங்களுக்கும் உள்ள மதிப்பு மாறிவிடுகிறது. டிஷ்ஷைப் பக்கவாட்டில் ஒரு பாகை திருப்பினால், 68 பாகை ஏற்றத்தில் அது வானத்தில் நகர்வது 0.37 பாகை மட்டுமே. 74 பாகை ஏற்றத்தில் 0.28 பாகைக்குச் சுருங்குகிறது. மேல் கீழாகச் சாய்க்கும்போதோ ஒரு பாகை முழுவதும் ஒரு பாகையாகவே நகரும். 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றின் பார்வை ஏறத்தாழ 3 பாகை அகலமுடையது. நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினால் வரும் ஆற்றல் பாதியாகும். ஆகவே பக்கவாட்டில் நாலைந்து பாகை பிசகினால்தான் ஆற்றலில் பாதியை இழக்கும் டிஷ், ஏற்றத்தில் ஒன்றரைப் பாகை பிசகினாலே பாதியை இழந்துவிடுகிறது. ஏற்றத்தைத் தாங்கும் பிடிப்பானில் பாகை அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். எனினும் அந்த அளவுகள் கம்பம் நேராக நிற்கும் வரையில்தான் உண்மை பேசும். கம்பம் இரண்டு பாகை சாய்ந்திருந்தால், பிடிப்பானின் எண் பொய்யாவதோடு, பக்கவாட்டில் திருப்பத் திருப்ப ஏற்றமும் கூடவே மாறிக்கொண்டுபோய், தேடுகிறவர் கோளைச் சுற்றிச் சுற்றி வந்தும் அதைத் தொடாமல் போவார். கொத்தனாரின் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கருவிப் பெட்டியில் வைத்திருக்கும் பொருத்துநர்கள் குறைவு. வைத்திருப்பவர்கள் வேலையைப் பாதி நேரத்தில் முடிக்கிறார்கள்.

கம்பத்தை நிறுத்தும் இடமும் சிக்கலானதே. தட்டோடு பதித்த பழைய மாடியில் துளையிட்டால் மழைநீர் இறங்கும் என்று வீட்டுக்காரர்கள் அஞ்சுவது நியாயமானது. ஆதலால் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் போல்ட் அடிக்கும் வழக்கம் வந்தது. அந்தச் சுவரின் மேற்பூச்சு உப்புக்காற்றில் பொரிந்திருந்தால் போல்ட் பிடிப்பது பூச்சைத்தானே தவிரச் செங்கல்லை அல்ல. கடல் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால், நட்டுகளும் இரண்டு மூன்று மழைக்குள் துருவேறிப் பிறகு திருப்ப முற்படும்போது உடைகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்தபோது பிடுங்கிக்கொண்டு போன டிஷ்கள் ஒரு வகை. கீழே விழாமல் கம்பத்தோடு சில பாகை திரும்பி நின்றவை மற்றொரு வகை. பின்னவற்றைக் கண்டறிவதே கடினம், ஏனென்றால் காற்று ஓய்ந்து வானம் தெளிந்ததும் அவற்றில் பல மீண்டும் படம் காட்டத் தொடங்கின.

திசையை அறிவதற்குத் திசைகாட்டி போதும் என்று கைபேசி வைத்திருக்கும் எவரும் இன்று சொல்லிவிடுவர். சென்னையில் காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து இரண்டு பாகைக்கும் குறைவாகவே விலகியிருப்பதால் அது கவலைக்குரியதல்ல. கவலைக்குரியது மாடித்தளத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிகளும், கருவியைச் சாய்த்து வைக்கும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் தான். ஆகவே பழையவர்கள் சூரியனை நம்பினார்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்ற பள்ளிப் பாடம், வெப்ப மண்டலத்துக்கு வடக்கே எப்போதும் உண்மை; 13 பாகை அட்சத்திலுள்ள சென்னையிலோ, ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுவதால், ஆகஸ்ட் நடுப்பகுதியில் திரும்பி வரும்வரை நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. உச்சி கடக்கும் நாள்களை ஒட்டிப் பார்த்தால் நிழலே காலடிக்குள் சுருங்கி எந்தத் திசையையும் காட்டாது. கோடையில் நிழலைப் பார்த்து டிஷ்ஷை வடமேற்கே திருப்பிவிட்டு அரைநாள் தேடிய புதியவர்கள் இத்தொழிலில் எப்போதும் உண்டு.

எளிய வழி, பக்கத்து மாடிகளைப் பார்ப்பது. ஒரே நிறுவனத்தின் டிஷ்கள் பெரும்பாலும் ஒரே கோளைப் பார்ப்பதால், அடுத்த வீட்டு டிஷ்ஷுக்கு இணையாகத் தம் டிஷ்ஷை நிறுத்தினால் தேடலின் பெரும்பகுதி முடிந்துவிடும். எனினும் பார்க்கும் டிஷ் இன்னும் பயன்பாட்டில் இருப்பதுதானா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கழற்றாமல் விட்ட டிஷ்கள், காற்றும் துணி காயப்போடும் கொடியும் இழுத்த பக்கமெல்லாம் திரும்பி நிற்கின்றன.

திசையும் ஏற்றமும் ஏறக்குறையப் படிந்த பிறகு, செட்-டாப் பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் இரண்டு கோடுகளைக் கொண்டே மிச்ச வேலை நடக்கிறது. முதல் கோடு சிக்னலின் வலிமை, இரண்டாவது அதன் தரம். வலிமை என்பது கேபிள் வழியே வந்து சேரும் மொத்த ஆற்றல். அதில் வேண்டிய கோளின் அலையும், பக்கத்துக் கோளின் அலையும், எல்.என்.பி தானே உண்டாக்கும் இரைச்சலும் சேர்ந்தே இருக்கும். தரம் என்பது வேண்டிய அலை அந்த இரைச்சலைவிட எவ்வளவு மேலோங்கி நிற்கிறது, வந்த தரவில் எவ்வளவு பிழை என்பதை ஒட்டிய கணக்கு. வலிமை எண்பதைக் காட்ட, தரம் சுழியில் நிற்குமானால் டிஷ் வேறொரு கோளைப் பிடித்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். 91.5 பாகையிலும் 93.5 பாகையிலும் உள்ள கோள்கள் அசோக் நகரிலிருந்து பார்க்க இரண்டேகால் பாகைதான் விலகியிருக்கின்றன என்பதால், 3 பாகைப் பார்வையுள்ள டிஷ் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பிடிப்பது அடிக்கடி நேர்வது.

கைபேசி எல்லாரிடமும் வருவதற்கு முன், இக்கோடுகளைப் படிக்கும் பொறுப்பு வீட்டிலுள்ளவர்களுடையது. மாடியிலிருந்து, “அம்மா, ரெண்டாவது கோட்டுல எவ்வளவும்மா காட்டுது?” என்று குரல் கொடுத்தால், கூடத்திலிருந்து படிக்கட்டு வழியாக, “எழுபத்தஞ்சுப்பா… இருப்பா, கொறஞ்சுடுச்சு” என்று பதில் வந்து சேர்வதற்குள் டிஷ் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். ஏனெனில், செட்-டாப் பாக்ஸ் புதிய அலையைப் பற்றிப் பிழைகளை எண்ணிக் கோட்டை வரைவதற்கே சில விநாடிகள் எடுத்துக்கொள்கிறது. ஆதலால் சிறிது நகர்த்தி, கையை எடுத்துவிட்டு, காத்திருந்து, எண்ணைக் கேட்ட பிறகே அடுத்த நகர்வு என்பது இத்தொழிலின் அடிப்படை ஒழுங்காயிற்று. அவசரக்காரர்களுக்கு இத்தொழில் ஒத்துவருவதில்லை. ரிச்சி தெருவில் கிடைக்கும் சாட்டிலைட் ஃபைண்டர் என்ற சிறு மீட்டரைக் கேபிளில் இடையே இணைத்தால் ஊசி உடனுக்குடன் அசையும் என்றாலும், விலை குறைந்த மீட்டர்கள் காட்டுவது வலிமையை மட்டுமே என்பதால், அதை நம்பி இறங்கி வந்தவர் மீண்டும் மாடியேற வேண்டிவரும்.

எண் உச்சத்தைத் தொட்ட இடத்தில் நிறுத்திவிடுவதும் பிழையே. தெளிந்த வானத்தில் தரக் கோடு உச்சத்துக்கு அருகில் தட்டையாக இருக்கும். ஒரு பாகை நகர்ந்தாலும் எண் அசையாது. அனுபவமுள்ளவர் டிஷ்ஷை ஒரு பக்கமாகத் தரம் சரியத் தொடங்கும் வரை நகர்த்தி, அங்கே கம்பத்தில் பென்சிலால் கோடு கிழித்து, மறுபக்கமும் அவ்வாறே சரியும் இடத்தைக் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவார். பிறகு ஏற்றத்துக்கும் இதையே செய்வார். இந்த நடுப்புள்ளியே மழைக்கான இருப்பு. நட்டுகளை முறுக்கும்போது டிஷ் தன் எடையால் அரைப் பாகை தாழ்வது வழக்கம் என்பதால், ஒரு நட்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, இறுதியில் எண்ணை மீண்டும் பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னவற்றைச் சரியாகச் செய்யும் பலர்கூடக் கவனிக்காமல் விடுவது எல்.என்.பியின் சுழற்சி. கோளிலிருந்து வரும் அலை, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் அதிர்கிறது. இயற்பியல் பாடநூல்கள் இதனைத் தளவிளைவு என்று கூறும். ஒரே அதிர்வெண்ணில் ஒரு தளத்தில் ஒரு தொகுதிச் சேனல்களையும் மறுதளத்தில் வேறொரு தொகுதியையும் அனுப்புவதால் கோளின் கொள்ளளவு இரட்டிப்பாகிறது. அத்தளங்கள் கோளுக்குக் கீழே நேராக நிற்பவருக்குத்தான் நிமிர்ந்து தெரியும். கிழக்கோ மேற்கோ தள்ளி நிற்பவருக்குச் சாய்ந்தே தெரியும், அச்சாய்வோ நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கூடும். 93.5 பாகைக் கோளுக்குத் தில்லியில் 27 பாகையாக உள்ள சாய்வு, சென்னையில் 45 பாகை, 108.2 பாகைக் கோளுக்கு 64 பாகை; 83 பாகைக் கோளுக்கு 12 பாகை மட்டும். டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்ப்பவருக்கு இடஞ்சுழியாக எல்.என்.பியை இந்த அளவு சுழற்றிப் பிடிப்பானில் இறுக்க வேண்டும். பத்துப் பாகை குறைந்தால் மறுதளத்தின் ஆற்றலில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு இத்தளத்துக்குள் கசிகிறது. இருபது பாகை குறைந்தால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 93.5 பாகைக் கோளுக்குச் சுழற்றாமலே நேராகச் செருகிவிட்டால் இரண்டு தளங்களும் சம அளவில் கலந்து, வலிமைக் கோடு நிறைந்திருக்கப் படம் வராத நிலை தோன்றும். பெரிய டிஷ் வாங்கினால் சரியாகும் என்று வீட்டுக்காரருக்கு யோசனை சொல்லப்பட்ட பல இடங்களில், கையால் எல்.என்.பியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதே மருந்தாக இருந்திருக்கிறது.

கோணங்களின் இந்தக் கணக்கு முழுவதும் சோதனைக்கு வந்தது 2010இல். அவ்வாண்டு ஜூலை 7 அன்று, 93.5 பாகையில் நின்ற இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரிய மின்தகடுகளில் ஒன்றிலிருந்து மின்சாரம் கிடைக்காமல் போகவே, அதன் அலைபரப்பிகளில் பாதியை அணைக்க நேர்ந்தது. 2007 மார்ச்சில் ஏவப்பட்ட அந்தக் கோளை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 பாகையில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்குச் சேவையை மாற்றியது. சுற்றுப்பாதையில் இது இரண்டே பாகை. ஆனால் உச்சிக்கு அருகே பக்கவாட்டுக் கோணம் விரிந்துகொள்வதால், சென்னை மாடியில் அது திசைக்கோணத்தில் ஏறத்தாழ 5 பாகையும் ஏற்றத்தில் ஒன்றரைப் பாகையுமாக ஆயிற்று. அடுத்து வந்த வாரங்களில் மாடி மாடியாக ஏறியவர்கள், கோளைப் புதிதாகத் தேடாமல் பழைய நிலையிலிருந்தே அளந்து நகரும் முறையைக் கைக்கொண்டனர்: கம்பத்திலும் பிடிப்பானிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொண்டு, நட்டைத் தளர்த்தி, 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பத்தில் அக்கோட்டைத் தெற்குப் பக்கமாக 2 மில்லிமீட்டரளவு விலக்கி, ஏற்றத்தைச் சற்று உயர்த்தினால் புதிய கோள் அகப்படும். முதல் பொருத்துநர் கம்பத்தை நேராக நிறுத்தியிருந்த வீடுகளில் இது சில நிமிட வேலையாக முடிந்தது. கம்பம் சாய்ந்திருந்த வீடுகளில் 2 மில்லிமீட்டர் கணக்கு பொருந்தவில்லை. அங்கே எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 பழைய 83 பாகை இடத்திலேயே நிறுத்தப்பட்டதால், டாடா பிளே வாடிக்கையாளர்களின் டிஷ்கள் எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

டிஷ் பிழையின்றி நின்றும் படம் பாதிதான் வருகிறது என்ற புகார், கேபிளைப் பற்றியது. எல்.என்.பிக்கு எந்தத் தளத்தைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டளை, செட்-டாப் பாக்ஸிலிருந்து அதே கேபிள் வழியாக மின்னழுத்தமாகவே மேலே போகிறது: 13 வோல்ட் என்றால் ஒரு தளம், 18 வோல்ட் என்றால் மற்றது. தாமிரப் பூச்சு மட்டும் கொண்ட இரும்புக் கம்பிக் கேபிளை மூன்று மாடி இறக்கி, இடையில் இரண்டு ஒட்டுப் போட்டு, இணைப்பானில் மழைநீரும் புகுந்திருந்தால், கீழே 18ஆகப் புறப்பட்ட அழுத்தம் மேலே போய்ச் சேர்வதற்குள் தேய்ந்து, எல்.என்.பி அதனை 13 என்று புரிந்துகொள்ளும். ஒரு தொகுதிச் சேனல்கள் தெளிவாக ஓட மற்றொரு தொகுதி அறவே இல்லாமல் போகும் வீட்டில், டிஷ்ஷைத் தொடுவதற்கு முன் கேபிளைப் பார்ப்பதே முறை. கேபிள் எல்.என்.பிக்குள் நுழையுமுன் ஒரு வளையமாகத் தாழ்ந்து வந்தால் மழைநீர் அவ்வளையத்தின் அடியில் சொட்டிவிடும். நேராக இறங்கி வந்தால் நீர் இணைப்பானுக்குள்ளேயே போகும்.

இவ்வளவும் செய்தபின் மழையில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது இயற்பியல் வகுக்கும் எல்லை. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் அதிர்வெண் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழைத்துளிகள் இதனை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. கோள் உச்சிக்கு அருகில் இருப்பது இங்கே சென்னைக்கு உதவுகிறது, ஏனெனில் அலை மழைக்குள் கடக்கும் தூரம் குறைவு. மழை மண்டலம் 5 கிலோமீட்டர் உயரம் என்று கொண்டால், 68 பாகை ஏற்றத்தில் 5.4 கிலோமீட்டரும் 54 பாகையில் 6.2 கிலோமீட்டரும் மழைக்குள் வர வேண்டும். மேகம் உடைந்தாற்போல் கொட்டும் கார்த்திகை மழையில் எந்த வீட்டு டிஷ்ஷும் சில நிமிடங்கள் நின்றுபோகத்தான் செய்யும், அதைப் பழுது என்று கொள்ளலாகாது. மிதமான மழைக்கே நின்று, மழை விட்டும் அரைமணி நேரம் திரும்பாமல் இருப்பதுதான் பழுது. பெரும்பாலும் அது இணைப்பானில் நீர், அல்லது எல்.என்.பி முகத்தின் மூடி வெயிலில் விரிசல் கண்டு உள்ளே ஈரம்.

மழையே இல்லாத நாளில் நேரும் ஒரு நிறுத்தமும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள், சென்னையிலிருந்து பார்க்கச் சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால், அதன் இரைச்சல் கோளின் மெல்லிய அலையை மூழ்கடித்துச் சில நிமிடங்கள் படத்தை நிறுத்திவிடும். மார்ச்சில் 83 பாகைக் கோளுக்கு இது பன்னிரண்டு மணியைத் தாண்டியும், 93.5 பாகைக் கோளுக்குப் பதினொன்றேகால் அளவிலும், 108.2 பாகைக் கோளுக்குப் பத்து மணியை ஒட்டியும் நேர்கிறது. தினமும் அதே நேரத்துக்குப் படம் போகிறது என்று புகார் வந்தால், நேரத்தைக் கேட்ட மாத்திரத்தில் எந்த நிறுவனத்தின் டிஷ் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் இத்தொழிலில் இருந்தார்கள். அந்நாள்களில் அந்நேரத்தில் மாடியேறுபவர்க்கு வேறொரு பயனும் உண்டு: தட்டிலிருந்து திரும்பும் வெயில் எல்.என்.பியின் முகத்தில் சரியாக விழுகிறதா என்று பார்த்து, மீட்டர் ஏதுமின்றியே டிஷ்ஷின் குறியைச் சரிபார்த்துவிடலாம்.

2021இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 7 கோடியாக இருந்த கட்டண டிஷ் இணைப்புகள், 2025இல் 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டன. கண்ணாடியிழை இணைப்பு வந்த அடுக்ககங்களில் டிஷ் திருப்பச் சொல்லும் அழைப்புகள் குறைந்து, இத்தொழிலில் இருந்தவர்கள் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதற்கும் இணையக் கேபிள் இழுப்பதற்கும் மாறியிருக்கிறார்கள். இப்போது வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை வீடு மாறுபவர்களுடையவை. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது டிஷ்ஷைத் தாமே கழற்றி, எல்.என்.பியை அதன் பிடிப்பிலிருந்து தனியாக உருவி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள், புதிய மாடியில் அதை நேராகச் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று அழைக்கிறார்கள். கழற்றுவதற்கு முன் எல்.என்.பியின் கழுத்தில் ஒரு பேனாக் கோடு கிழித்திருந்தால், அசோக் நகரிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கோ கே.கே. நகருக்கோ போனாலும் சுழற்சிக் கோணம் மாறாது என்பதால், அந்த அழைப்புக்கே தேவை இருந்திருக்காது.